மிதிவண்டி அறச்செலவும் மெலியோரும்

செலவு என்னும் சொல் நம் தமிழில் இருபொருள் தந்து நிற்பது. கால் செல்லுதலும் செலவே. கைப்பொருள் செல்லுதலும் செலவே. பழைய அகப்பாட்டுக்களில் தலைவன் பொருள் தேடிப் புறப்படுதல் செலவு எனப்பட்டது. இன்று இல்லத்தில் அன்னையார் திங்கள்தோறும் எழுதிவைக்கும் கணக்கும் செலவு எனப்படுகின்றது. இவ்விரு பொருளும் ஒருங்கே கூடும் நற்செயல் ஒன்று இக்காலத்தே பல நாடுகளிலும் பரவியிருக்கின்றது. நோயுற்றார்க்கும் வறியார்க்கும் பொருள் சேர்த்தற்பொருட்டு நெடுந்தொலைவு மிதிவண்டியிற் செல்லுதலே அது. இதனை அறச்செலவு என்று யாம் வழங்குவாம். உடல் வன்மையும் பயிற்சியும் இல்லாத புதியோர் இதிற் சேரலாமோ, சேர்ந்தால் அவர் வருகையால் அறத்திற்கு ஆக்கமோ இழுக்கோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வழக்கத்தை அறியாதார் பொருட்டு அதன் இயல்பை முதற்கண் சுருங்கக் கூறுவாம். செல்வோன் ஒருவன் தன் சுற்றத்தாரையும் நண்பரையும் அண்டை வீட்டாரையும் அணுகி, "இன்ன நாளில் இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர்வரை மிதிவண்டியிற் செல்லக் கருதியிருக்கின்றேன்; இன்ன மருத்துவமனைக்கு நீங்கள் யாது தருவீர்கள்?" என்று கேட்கின்றான். அவர் தத்தமக்கு இயன்றதைத் தருகின்றனர், அல்லது தருவதாக வாக்களிக்கின்றனர். குறித்த நாளில் அவன் சென்று முடிக்கின்றான். சேர்ந்த பொருள் மருத்துவமனையைச் சேர்கின்றது.

இங்கிலாந்தில் இலண்டன் மாநகரத்துக் கிளாப்பம் பொதுவெளியிற் புறப்பட்டுப் பிரைட்டன் கடற்கரையில் முடியும் செலவு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தொலைவு 54 மைல். அதாவது ஏறத்தாழ 87 கிலோமீட்டர். 1976-ஆம் ஆண்டில் ஒரு சிறு கூட்டமாகத் தொடங்கிய அச்செலவு, 1980 முதல் இருதயநோய் ஆராய்ச்சிக்குப் பொருளுதவும் பிரிட்டிஷ் ஹார்ட் பவுண்டேஷனுக்காக நடைபெறலாயிற்று. பின்னர் ஆயிரக்கணக்கானோர் கூடும் பெருவிழாவாக வளர்ந்தது. கூடுவோருள் நாள்தோறும் வண்டி ஓட்டிப் பழகியவரும் உளர். ஆண்டில் ஒருகாலும் வண்டியைத் தொடாதாரும் உளர். இப்பின்னவரைப் பற்றியதே எம் வழக்கு.

மெலியோரைச் சேர்த்தல் தகாது என்பார் கூறும் காரணங்கள் மூன்று. பயிற்சியில்லார் பின்தங்கி, உடன்வருவார்க்கும் தொண்டு செய்வார்க்கும் சுமையாவர். தம் உடலுக்கும் ஊறு தேடிக்கொள்வர் என்பது ஒன்று. பொருள் கொடுக்க விரும்புவோன் நேரே கொடுத்துவிடலாகாதோ, வெயிலில் வியர்த்து ஓடுதலால் நோயாளிக்கு வந்த நன்மை யாது என்பது மற்றொன்று. அறத்தைப் பறையறைந்து செய்தல் ஆண்டவர் திருவுளத்திற்கு ஒவ்வாது என்பது பிறிதொன்று. இவை மூன்றும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும், மூன்றையும் நன்கு சீர்தூக்கியபின், மெலியோனே அறச்செலவிற்கு உரியவன் என்னும் முடிபிற்கே யாம் வருகின்றோம்.

ஈகையின் அளவு யாது என்னும் வினாவிற்கு நம் பெருமான் விடை தந்திருக்கின்றார். எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்து, செல்வர் பலர் மிகுதியாக இட்டதையும், ஏழை விதவை ஒருத்தி இரண்டு காசு இட்டதையும் கண்ட அவர், அவளே மற்றெல்லாரினும் மிகுதியாக இட்டாள் என்று தம் சீடர்க்கு உணர்த்தினார். கொடுத்த தொகையன்று, கொடுத்தபின் எஞ்சியது எவ்வளவு என்பதே அவர் கொண்ட அளவுகோல். பொருளுக்கு ஒத்த இவ்வளவுகோல் உடலுழைப்பிற்கும் ஒக்கும் அன்றோ? பந்தயத்திற் பழகிய வீரனுக்கு 87 கிலோமீட்டர் ஒரு காலைப்பொழுதின் விளையாட்டு; முடித்தபின் அவன் நண்பகல் உணவிற்கு இல்லம் மீள்வான். கடைத்தெருவிற்கு அப்பால் வண்டியை மிதித்தறியாதவனுக்கோ, அதே தொலைவு பல வாரங்களின் விடியலையும், இனிய உறக்கத்தையும், சில நாள் நடக்கவொட்டாத தொடைநோவையும் விலையாகக் கேட்கும். இருவரும் கடந்தது ஒரே வழி. இருவரும் கொடுத்தது ஒன்றன்று.

கொடுப்போர் உள்ளமும் இவ்வேறுபாட்டை அறியும். ஒலிவோலா, ஷாபிர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2013-இல் வெளியிட்ட கட்டுரையொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. எளிதாய் இன்புற்றிருக்கும் நிகழ்ச்சியைக் காட்டிலும், வருத்தமும் முயற்சியும் வேண்டும் நிகழ்ச்சிக்கே மக்கள் மிகுதியாகக் கொடுக்க முன்வருதலை அவர்கள் சோதனைகளாற் கண்டனர். இது நூலறிவின்றியும் விளங்குவதே. ஓட்டத்தில் வல்ல மருமகன் வந்து கேட்டால், "உனக்கு இது பெரிதோ?" என்று அத்தை நகைத்துக் கைக்கெட்டியதைக் கொடுப்பாள். மாடிப்படி ஏறவும் மூச்சுவாங்கும் மருமகன் வந்து கேட்டால் அவள் திகைப்பாள், "நீயா? எதற்காக?" என்று வினவுவாள். அவ்வினா எழுந்த கணமே நோயாளியின் கதை அவ்வீட்டின் கூடத்திற் புகுந்துவிடுகின்றது. மெலியோனுடைய மெலிவே அவனுக்குச் சிறந்த தூது.

இனி, உடலுக்கு ஊறு விளையும் என்பார்க்கு விடை கூறுவாம். ஆயத்தமின்றிப் புறப்படுதல் அறியாமையே. அதனை யாம் பரிந்துரைக்கின்றிலேம். மெலிவு வேறு, ஆயத்தமின்மை வேறு. முன்னது இயற்கை, பின்னது மடிமை. இருதயநோயும் மூச்சுநோயும் உடையார் மருத்துவரைக் கேளாது புறப்படல் ஆகாது. ஏனையோர்க்கு மிதிவண்டியைப் போல் இரக்கமுள்ள ஊர்தி வேறில்லை. சமநிலத்தில் நடப்பவன் செலவழிக்கும் அதே ஆற்றலைக் கொண்டு மிதிவண்டியிற் செல்வோன் ஏறத்தாழ மும்மடங்கு தொலைவு செல்லுவான். உடலின் பாரத்தை இருக்கை தாங்குகின்றது; மூட்டுக்கள் நிலத்தில் மோதி அதிர்வதில்லை. ஆதலின், ஓடவியலாத பருத்த உடலினரும் பொறுமையாக மிதிக்க வல்லராவர்.

வேண்டுவன சிலவே. இருக்கையின் உயரம் சீராயிருத்தல் வேண்டும். பெடல் தாழ்ந்து நிற்குங்கால் முழங்கால் சிறிதே மடங்கியிருப்பது அளவு. இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும்; மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் அசைந்து வருந்தும். டயரிற் காற்று நிறைந்திருத்தல் வேண்டும். செயினில் எண்ணெய் இருத்தல் வேண்டும். கியர் உள்ள வண்டியாயின், மேட்டின் நடுவே திணறியபின் மாற்றாது, மேடு தொடங்குமுன்பே மாற்றிக்கொள்ளல் வேண்டும். முதல் வாரத்தில் 10 கிலோமீட்டர் சென்றவன், வாரந்தோறும் சிறிது கூட்டி, மூன்று திங்களில் 60 கிலோமீட்டர் செல்லுமளவிற்குத் தேறுதல் பெரும்பாலோர்க்கு இயல்வதே. தசையிலும் ஈரலிலும் உடல் சேர்த்துவைத்துள்ள கிளைகோஜன் என்னும் எரிபொருள், கடுமுயற்சியில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற் பெரிதும் குறைந்துவிடும். அப்போது கால் ஈயம்போற் கனக்கும், கண் மங்கும், மனமும் தளரும். பசிக்குமுன் உண்ணுதலும் விடாய்க்குமுன் பருகுதலும் இதற்கு மருந்து. வாழைப்பழமும், கடலைமிட்டாயும், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த எலுமிச்சைநீரும் நம் நாட்டில் எங்கும் கிடைப்பன. இவ்வளவும் அறிந்து செய்பவன் மெலியோனாயினும் பேதையல்லன்.

பின்தங்குதல் குற்றமாமோ? இலண்டன் செலவின் பிற்பகுதியில் டிச்லிங் பீக்கன் என்னும் குன்று குறுக்கே நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் அதன் உயரம் 248 மீட்டரே. நம் நீலகிரியை நோக்க அது ஒரு மணல்மேடு. ஆயினும், நாற்பது மைலுக்கு மேல் மிதித்துக் களைத்த காலுக்கு அதன் செங்குத்தான வழி மலையினும் பெரிது. ஆண்டுதோறும் அங்கே பலர் வண்டியினின்று இறங்கி அதனைத் தள்ளிக்கொண்டு நடக்கின்றனர். அவ்வாறு நடந்தவரும் பிரைட்டன் கடலைக் காண்கின்றனர். அவர் ஈட்டிய காசில் ஒன்றும் குறைவதில்லை. பந்தயத்திற்கும் அறச்செலவிற்கும் உள்ள வேற்றுமை இக்குன்றில் விளங்கும். பந்தயம் முதல்வன் ஒருவனுக்கே பரிசு தரும். அறச்செலவில் பரிசு பெறுவோன் செலவிலேயே இல்லை, அவன் மருத்துவமனைப் படுக்கையிற் கிடக்கின்றான். அவனுக்கு, முந்தி வந்தவன் கொணர்ந்த காசும் பிந்தி வந்தவன் கொணர்ந்த காசும் ஒரே மருந்தையே வாங்கித் தரும்.

மேலும் ஒன்று கூறவேண்டும். இதுவே எம் கருத்தின் உயிர்நிலை. வலியோன் உதவுவோனாக மட்டுமே செல்கின்றான். மெலியோனோ உதவுவோனாகவும் உதவி பெறுவோனாகவும் ஒருங்கே செல்கின்றான். வழியில் டியூப் பஞ்சராகுங்கால் முன்பின் அறியாதான் ஒருவன் நின்று ஒட்டித் தருகின்றான். கை மரத்து, முதுகு வளைந்து, "இனி இயலாது" என்று நிற்குங்கால் உடன்வருவாள் ஒருத்தி தன் வேகத்தைக் குறைத்து அருகே வருகின்றாள். தெருவோரத்து முதியவர் ஒருவர் நீர் தருகின்றார். பிறர் கையை எதிர்நோக்கி ஒரு பகல் வாழ்ந்தவன், பிறர் கையை எதிர்நோக்கியே பல ஆண்டு வாழும் நோயாளியின் உள்ளத்தைச் சிறிதேனும் அறிவான். நல்ல சமாரியனைப் பற்றிய உவமையில், குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமாரியன் தன் சொந்த வாகனத்தின்மேல் ஏற்றினான் என்று அறிகின்றோம். ஏற்றியவன் எஞ்சிய வழியை நடந்தே கடந்திருப்பான் அன்றோ? இரக்கம் என்பது தன் எளிய இருக்கையினின்று இறங்குதல். நாற்காலியும் கைப்பேசியும் பகலை விழுங்கும் இக்காலத்து மாணவராகிய நமக்கு இவ்விறக்கம் மிகவும் வேண்டுவதாம்.

அற்றேல், நேரே பொருள் கொடுத்தல் எளிதன்றோ என்பார்க்குக் கூறுவது: பொருளுடையார் நேரே கொடுக்க, அவரை யாம் தடுக்கின்றிலேம். பொருளில்லா மாணவன் யாது செய்வான்? ஆயிரம் ரூபாய் தன் கையிலிருந்து கொடுக்க இயலாதவன், ஐம்பது கதவுகளைத் தட்ட இயலும். தனக்கென்று இரத்தல் நம் முன்னோர் வெறுத்தது. பிறர்பொருட்டு இரத்தலோ நாணை விற்று அறத்தை வாங்குதலாகும். மிதித்தலினும் இதுவே கடிது என்பதைக் கேட்டுப் பார்த்தவர் அறிவர். அவ்வாறு கேட்கும் சிறு கூட்டம் யாது செய்யவல்லது என்பதற்கு அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பான்-மாஸ் சேலஞ்ச் என்னும் செலவு சான்று. தம் அன்னையைப் புற்றுநோய்க்கு இழந்த பில்லி ஸ்டார் என்பார் அதனை 1980-இல் தொடங்கினார். அவ்வாண்டு சென்றோர் 36 பேர்; சேர்ந்தது 10,200 டாலர். டானா-பார்பர் புற்றுநோய் நிலையத்திற்காக அச்செலவு திரட்டிய மொத்தத் தொகை 2024-ஆம் ஆண்டளவில் நூறு கோடி டாலரைக் கடந்தது. ஒரு மகனுடைய துயர் ஓர் ஆறாகப் பெருகிய வகை இது.

மூன்றாம் தடையே கூரியது. அறஞ்செய்வார் தம்முன் எக்காளம் ஊதுதலை மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் விலக்கினார். நிழற்படம் எடுத்து, பதக்கம் அணிந்து, தன் தொடைநோவை ஊரறியச் செய்து திரிவோன் தனக்குரிய பலனை முன்னரே பெற்றுவிட்டான். இதனை யாம் முற்றும் ஒப்புகின்றோம். ஆயினும், எக்காளம் எதற்காக ஊதப்படுகின்றது என்று நோக்குக. தன் பெயருக்காக ஊதுதல் வேறு. நோயாளியின் பெயருக்காக ஊதுதல் வேறு. பவுல் அப்போஸ்தலர் எருசலேமின் வறியார்க்காகப் பல சபைகளிலும் வெளிப்படையாகவே பொருள் திரட்டினார். அப்பொருளைக் கொண்டுசெல்வதிற் பிறர் குறைகூற இடமிராதபடி துணைவரையும் உடன் அனுப்பினார். மறைவிற் கொடுத்தலும் வெளிப்படையாகக் கணக்குக் காட்டலும் ஒன்றற்கொன்று பகையல்ல.

கணக்கென்னும் சொல் வந்தமையால் அதனையும் கூறிவிடுவாம். அறச்செலவிற்கு வரும் பெருங்கேடு மெலியோரால் அன்று, கணக்கின் மறைவால் வருவது. நிலம் விற்ற விலையில் ஒருபகுதியை ஒளித்துவைத்த அனனியா, சப்பீராள் என்பார் வரலாற்றை ஞாயிறு பள்ளிச் சிறாரும் அறிவர். கொடுத்தோன் தந்த நூறு ரூபாயில் நோயாளியை அடைந்தது எத்துணை, சட்டைக்கும் விளம்பரத்திற்கும் விருந்திற்கும் போனது எத்துணை என்று கேட்டல் இரப்போன் கடன். சொல்லுதல் நடத்துவோன் கடன். மேற்கூறிய பான்-மாஸ் செலவில், செல்வோர் திரட்டிய பொருள் முழுவதும் புற்றுநோய் நிலையத்திற்கே சேருமாறும், நடத்தும் செலவினைப் பிறவழிகளால் ஈடுசெய்யுமாறும் 2007 முதல் ஏற்பாடு செய்தனர். இதற்கு மறுதலையும் உண்டு. கலிபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோ தொடங்கி லாஸ் ஏஞ்சல்ஸ்வரை ஏழு நாளில் 545 மைல் கடந்து, எயிட்ஸ் நோயாளர்க்காகப் பொருள் ஈட்டிய எயிட்ஸ் லைஃப்சைக்கிள் என்னும் செலவு 2002-இல் தொடங்கி 2025-இல் இறுதியாக நடந்தது. நடத்தும் செலவு ஏறிவந்ததும் சேர்வோர் தொகை இறங்கிவந்ததும் அதன் முடிவிற்குக் காரணமாகக் கூறப்பட்டன. பணச்செலவு வழிச்செலவை விழுங்கிற்று என்னலாம். ஆடம்பரம் குறைந்த அறமே நெடுநாள் வாழும்.

இவையெல்லாம் மேல்நாட்டார்க்கே பொருந்தும், நம்மவர்க்கு ஒவ்வா என்பாரும் உளர். அவர் புதுக்கோட்டையை நோக்குக. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அம்மாவட்டத்து நாட்டுப்புறப் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. அன்று மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்கு ஊக்கமளித்தார். வயலிலும் கல்லுடைக்குமிடத்தும் உழைத்த பெண்கள், ஏளனமொழிக்கு அஞ்சாது, விழுந்தும் எழுந்தும் பழகினர். 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் நாளில் 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் மணியொலித்து நகரத் தெருக்களில் வண்டியூர்ந்து சென்றனர். அது பொருள் திரட்டும் செலவன்று. ஆயினும், புதியோர் கூட்டமாகச் செல்லுதலால் ஓர் ஊரின் உள்ளம் மாறுமென்பதை நம் கண்முன்னே காட்டியது. தேர்ந்தோரை மட்டும் ஓட்டியிருந்தால் அத்தெரு வேடிக்கை பார்த்திருக்கும். புதியோர் ஓட்டியமையால் அத்தெருவே கற்றுக்கொண்டது.

ஆதலின், நம் கல்லூரிகளில் அறச்செலவு நடத்தக் கருதுவார்க்கு யாம் வேண்டுவன இவை. தொலைவு பலர்க்கும் இயல்வதாகுக. நம் வெயிலை நினைந்து, தை மாசி மாதங்களில், விடியுமுன் புறப்பட்டு முற்பகலுக்குள் முடிவதாகுக. மூன்று திங்கள் முன்னரே பெயர் பெற்று, வாரந்தோறும் கூடிப் பழகுவதற்கு வழி செய்க. புதிய விலையுயர்ந்த வண்டி எவர்க்கும் கட்டாயமாகாதிருக்க. பள்ளியில் அரசினர் வழங்கிய வண்டியே போதும். முதல் வந்தார்க்குக் கோப்பை வேண்டா. இறுதியில் வருவோன் வந்துசேருமளவும் எவரும் கலைந்து செல்லாதிருக்க. இடையில் வலியிழந்தோன், பின்னே வரும் உதவி வண்டியில் நாணமின்றி ஏறுக. அவன் கொண்டுவந்த கொடையும் ஒப்ப எண்ணப்படுக. வரவு செலவுக் கணக்கை ஒரு திங்களுக்குள் விளம்பரப் பலகையில் ஒட்டுக. 1900-ஆம் ஆண்டில் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவப்பணி பெருமருத்துவமனையாக வளர்ந்தமையை அறிந்த நாம், சிறு தொகையென்று எதனையும் இகழ்தல் தகாது.

அகத்துறைகளுள் செலவழுங்கல் என்பது ஒன்று. புறப்படக் கருதிய தலைவன், தலைவியின் கண்ணீர் கண்டு, புறப்படாது தயங்கி நிற்றல் அது. மெலியோனுக்கும் செலவழுங்கல் உண்டு. அவனைத் தடுப்பது காதலியின் கண்ணீரன்று, தன் உடலைப் பற்றிய நாணமும் பிறர் நகைப்பர் என்னும் அச்சமுமேயாம். அவ்வச்சத்தை மாற்றுதற்குரியது மற்றொரு துறை. பரிசில் பெற்று மீள்வோன், வழியில் எதிர்ப்பட்ட வறியோனுக்குத் தான் பெற்ற பேற்றைக் கூறி, வழியும் காட்டி விடுப்பது ஆற்றுப்படை. சென்று முடித்த மெலியோன் ஒவ்வொருவனும், செல்ல அஞ்சும் மற்றொருவனுக்கு அவ்வாறு வழிகாட்டக் கடவன்: மேடு எங்கே உளது, நீர் எங்கே கிடைக்கும், எவ்விடத்தில் இறங்கித் தள்ளலாம் என்று. வலியோன் சொல்லும் வழி வலியோர்க்கே விளங்கும். மெலியோன் சொல்லும் வழி எல்லார்க்கும் விளங்கும். அவ்வழியே பலர் செல்க. அவரால் நோயுற்றார் நலம் பெறுக.